ஒரிஜினல் உயரம்

வண்டியின் மூக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்தே எங்கள் வையன்டாட் ஊரில் ஓர் ஆம்பிளையின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்கள். மூக்கு தரையை முகர்ந்துகொண்டு நின்றால் ஆள் இன்னும் திமிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். காலமெல்லாம் அப்படித் தாழ்வாக வைத்து ஓட்டியவன், ஒருநாள் திடீரென்று தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்துக்கே மாற்றுகிறான் என்றால், சீக்கிரமே கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்ற அட்டை தொங்கும். ஏனென்றால், காசு வைத்திருப்பவன் ஒரிஜினலைத்தான் கேட்பான். நான் பார்த்த வரையில் ஒருவன் விஷயத்தில்கூட இது தப்பியதில்லை.

அதனால்தான், மே மாதத்தில் ஒரு காலை, காபியைக் கலக்கிக்கொண்டே என் புருஷன் ரோமன், “முன்னாடி ஸ்பிரிங் ரெண்டையும் மாத்தணும், ஜென்னி. ஒரிஜினல் உயரத்துக்கே போட்டுடலாம்னு இருக்கேன்” என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஒரிஜினலா?” என்றேன்.

“ஆமா.”

“ஏன்?”

“ஏன்னா என்ன ஏன்? வயசாச்சு. போதும்.”

போதுமாம்! அந்த வண்டியைப் பற்றி அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. பச்சை நிற ஷெவெல் கார், எழுபதாம் வருஷத்து மாடல், ஆளுயர இரும்புப் பீரோ கனத்துக்கு எஞ்சின். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருஷம் வாங்கினான். வாங்கின அன்றே முன்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒன்றரைச் சுற்றை வெட்டி எறிந்து, மூக்கைத் தரைக்குக் கொண்டுவந்தான். எங்கள் தெருவில் அவன் வயசுப் பையன்கள் எல்லாருமே அப்படித்தான் வெட்டினார்கள். வெட்டின ஸ்பிரிங்கில் உட்கார்ந்து போகிறவளின் முதுகெலும்பைப் பற்றி ஒருத்தனுக்கும் கவலை இல்லை. அன்றிலிருந்து அது என் சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்னோடு வருவான், மீதி நேரமெல்லாம் அவளோடு. ஸ்டியரிங்கை இன்னொருத்தர் தொட விடமாட்டான். இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பனியிலும் மழையிலும் ஓட்டியவள் நான். என்னையும் விட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

ஆனால், அவள் விற்கப்படுவாள் என்று நினைத்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் வண்டி இல்லை.

போன வருஷம் ரோமனுக்குக் குடலில் புற்று வந்தது. வெட்டி எடுத்தார்கள். பிறகு மாதக்கணக்காக மருந்து ஏற்றினார்கள். எஃகு ஆலையில் சுத்தியல் பிடித்த உடம்பு, இருநூற்றி இருபது பவுண்டு இருந்த ஆள், நூற்று அறுபத்திரண்டுக்கு இறங்கிவிட்டான். பிப்ரவரியில் டாக்டர், “இப்போதைக்குச் சுத்தம்” என்று சொல்லி அனுப்பினார். நான் ஆனந்தத்தில் வாகனம் நிறுத்தும் இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். டிவியில் வானிலை பார்ப்பான். யாரோ வெளியூர்க்காரனுக்குப் பெய்யப்போகிற மழையை அப்படிக் கவனமாகப் பார்ப்பான். ஏப்ரலில் ஒரே ஒருநாள் எழுந்து போய் வண்டியைக் கராஜிலிருந்து எடுத்தான். டமார் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் இடது முன்சக்கரத்தின் மேல் வண்டி அப்படியே குந்தியிருந்தது. “பழைய ஸ்பிரிங், உடைஞ்சுபோச்சு” என்றான். மறுபடி நாற்காலிக்கு வந்துவிட்டான்.

நோயிலிருந்து தப்பி வந்தவர்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். படகை விற்பார்கள், துப்பாக்கியை மருமகனுக்குக் கொடுப்பார்கள், பிறகு சுத்தமாகக் கூட்டிய வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். சக்களத்தியை விற்றுவிட்டால் என் ரோமனும் அப்படித்தான் உட்கார்ந்துவிடுவான் என்று எனக்குப் பட்டது. எனக்கு அவன் வேண்டும். அவன் எழுந்து நடமாட வேண்டும், கராஜில் யாரையாவது திட்ட வேண்டும், கிரீஸ் கையோடு என் துண்டைத் தொட்டு என்னிடம் ஏச்சு வாங்க வேண்டும். அதற்காக அந்தப் பச்சைப் பிசாசைத் தாங்கிக்கொள்ள நான் தயார்.

டெல்பர்ட்டைக் கூப்பிட்டேன். ஆலையில் ரோமனோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவன், கென்டக்கியிலிருந்து வந்த நெட்டைக்கொக்கு. விஷயத்தைக் கேட்டதும் அடுத்த அரைமணியில் சமையலறையில் நின்றான்.

“டேய் ரோமன், ஒரிஜினல் உயரமாமே? யாருக்குடா விக்கப்போற? வருஷாவருஷம் விலை கேட்டு வர்றானே, அந்தப் பல் டாக்டருக்கா?”

“உனக்கு யார் சொன்னா?” என்று ரோமன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

“யார் சொன்னா என்ன? மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கப்போகுது. மோட்டார் படகு மாதிரி இருக்கும். ஃபோர்ட் ஸ்ட்ரீட்ல சின்னப் பசங்கல்லாம் சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும்.”

“ரெண்டு அங்குலம் தாழ்வா ஒரு ஸ்பிரிங் வருது. நல்ல கம்பி. வெட்டவே வேண்டாம். அதைப் போடு.”

“வேண்டாம்.”

“நடுவுல ஒரு அங்குலம்?”

“ஏன்டா, இது என்ன மீன் மார்க்கெட்டா, பேரம் பேசுற? ஒரிஜினல்னா ஒரிஜினல்.”

“அப்போ விக்கத்தான் போற.”

“வித்தா என்ன? உன் அப்பன் வீட்டு வண்டியா?”

டெல்பர்ட்டின் முகம் சிறுத்துப்போனது. காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். வாசலில் என்னிடம், “தங்கச்சி, கழுதைக்குப் பொறந்தவன் உன் புருஷன்” என்று மட்டும் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மறுநாள் காலை ஸ்பிரிங் கம்பெனிக்குப் போன் போட்டான் ரோமன். மருந்து ஏற்றியதில் அவன் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. போனைப் பிடித்தால் நழுவும். அதனால் மேஜைமேல் வைத்து, சத்தமாகப் பேசவிடுவான். நான் பீட்ரூட் சூப் கிளறிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் ரேமோனா என்று ஒருத்தி. தேனாகப் பேசினாள்.

“சொல்லுங்க கண்ணு, என்ன வண்டி?”

கண்ணாம்! சொன்னான்.

“எஞ்சின் பெருசா, சிறுசா?”

“பெருசு. முழுக்க இரும்பு.”

“ஏசி உண்டா கண்ணு? பேட்டரி முன்னாடியா, டிக்கியிலயா? ஏன் கேக்கறேன்னா, மூக்குல எவ்வளவு பாரம் உட்காருதுன்னு தெரிஞ்சாத்தான் எந்தக் கம்பின்னு சொல்ல முடியும். சின்ன எஞ்சினுக்கு உள்ள ஸ்பிரிங்கைப் போட்டா உங்களது நசுங்கிடும். ஏசி வண்டிக்கு உள்ளதைப் போட்டா வானத்தைப் பார்க்கும்.”

“ஏசி இல்ல. பேட்டரி முன்னாடி.”

“உயரம்?”

“ஒரிஜினல். அப்புறம், கொஞ்சம் மெத்துனு இருக்கணும். பள்ளத்துல விழுந்தா முதுகுல அடிக்கக் கூடாது.”

“பந்தயத்துக்கு இல்லையே?”

“பந்தயமா! மளிகைக்கடைக்கு.”

அவள் கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “சரி கண்ணு, கடைசியா ஒண்ணு. ஓட்டுறவங்க எடை எவ்வளவு? தெருவில ஓடுற வண்டிக்கு இது பெருசா எதையும் மாத்தாது. பந்தயக்காரங்களுக்காகக் கேட்டுக் கேட்டு எல்லாரையும் கேக்கறதே பழக்கமாயிடுச்சு. விருப்பமில்லைன்னா விட்டுடுங்க.”

“இல்ல, இல்ல. எழுதிக்கோங்க” என்றான் ரோமன். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “நூத்தி நாப்பத்தெட்டு.”

என் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள்ளேயே விழுந்துவிட்டது.

பிப்ரவரியில் அவன் நூற்று அறுபத்திரண்டு. அதற்கப்புறம் நான் போட்ட சாப்பாடெல்லாம் எங்கே போனது? பதினாலு பவுண்டு! என்னிடம் சொல்லாமல், சட்டைக்குள் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருத்தியிடம் போனில் சொல்கிறான். அது திரும்ப வந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் விற்கிறான். அடுப்பை அணைக்காமலே பின்வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரனைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டுதான் அழுதேன். உள்ளே அவன் இன்னும் அந்தத் தேன்குரலுக்கு ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானே! அதனால் சமைத்தேன். கறியை முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி வேகவைத்தேன். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து பியரோகிக் கொழுக்கட்டை பிடித்தேன், அதன்மேல் வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தைக் கொட்டினேன். தொத்திறைச்சி, பன்றிக் கொழுப்பில் பொரித்த ரொட்டி, கிரீம் கேக். அவன் தட்டு காலியாகும் முன்னால் அடுத்ததை வைத்தேன்.

“என்னடி இது, என்னை ஈஸ்டருக்கு வெட்டப்போறியா?” என்றான்.

“வாயை மூடிட்டுச் சாப்பிடு.”

“ஈஸ்டர் முடிஞ்சு ஒரு மாசமாச்சு.”

“சாப்பிடுன்னா சாப்பிடு.”

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் குளியலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். “ஏறு.”

“எதுக்கு?”

“ஏறுன்னு சொன்னேன்.”

“வர்ற மாசம் டாக்டர் ஏத்துவார். அப்போ பார்த்துக்கலாம்.” காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டான். தராசில் ஏறி நிற்கவே பயப்படுகிற மாதிரி இருந்தது. நான் தராசைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

இதற்குள் டெல்பர்ட் சமாதானமாகி வரத் தொடங்கியிருந்தான். ரோமன்தான் போன் செய்து கூப்பிட்டிருக்கிறான். இரண்டு பேரும் கராஜில் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் டெல்பர்ட்டை அவன் லாரிக்குப் பக்கத்தில் மடக்கினேன்.

“உண்மையைச் சொல்லு. அவன் இளைச்சுக்கிட்டே போறானா? உன்கிட்ட என்ன சொன்னான்?”

அவன் தன் பூட்ஸையே பார்த்தான். “தங்கச்சி, நான் வாய்விட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“யார்மேல?”

“எங்கம்மா மேல.”

“உங்கம்மா செத்து எத்தனை வருஷமாச்சு!”

“அதனாலதான் மீறப் பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான். அன்று சாயங்காலம் மவுண்ட் கார்மல் கோயிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். என் அம்மா சொல்லிக்கொடுத்த போலிஷ் மொழி ஜெபம் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. மீதியை என் இஷ்டத்துக்குச் சொன்னேன். அவனைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவை, அவ்வளவுதான் கேட்கிறேன், பேராசைப்படவில்லை என்று சொன்னேன். பொய். எனக்குப் பேராசைதான்.

ஸ்பிரிங்குகள் வந்து சேர்ந்தன. கறுப்புச் சாயம் பூசி, என் முழங்காலுக்கு மேலே வரும் உயரத்தில் இரண்டு. சனிக்கிழமை காலை டெல்பர்ட் வந்தான். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றினார்கள். அந்த வேலையைச் சும்மா சொல்லக்கூடாது. ஸ்பிரிங்குக்குள் அத்தனை விசை அடங்கியிருக்கிறது. நழுவினால் ஆளை அடித்துவிடும். அதனால் அதைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் கையை மெதுமெதுவாக இறக்கினான் டெல்பர்ட். ரோமன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவனை விரட்டிக்கொண்டிருந்தான். “மெதுவாடா, உன் பல்லு போனா பரவால்ல, என் வண்டிக்குக் கீறல் விழும்” என்றான். சமையலறை ஜன்னல் வழியாக அந்தக் குரலைக் கேட்டேன். பழைய குரல். இன்னும் எத்தனை நாள் கேட்பேனோ என்று நினைத்து வெங்காயத்தைக் காரணமே இல்லாமல் ஒரு கூடை நறுக்கினேன்.

மத்தியானத்துக்கு மேல் ரோமன் கத்தினான். “ஜென்னி! இங்க வா, ஒரு வேலை இருக்கு.”

போனேன். வண்டி சக்கரங்களில் நின்றுகொண்டிருந்தது. மூக்கு மேலே. டெல்பர்ட் சொன்ன படகேதான். அவன் கால்கள் மட்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

“உட்காரு” என்றான் ரோமன்.

“எதுக்கு?”

“சக்கரத்தைத் தாங்குற கைகள்ல புது ரப்பர் புஷ் போட்டிருக்கு, மூட்டுல வர்ற வளையம். வண்டி அந்தரத்துல தொங்கும்போது போல்ட்டை இறுக்கினா, கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு நாளாவட்டத்துல கிழிஞ்சுபோகும். வண்டி தரையில நிக்கணும். உள்ள ஆளும் இருக்கணும். அந்த உயரத்துலதான் இறுக்கணும்.”

சரி, பாரத்துக்கு ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எத்தனையோ வருஷமாக உட்காருகிற, ஸ்டியரிங் இல்லாத வலதுபக்கக் கதவைத் திறந்தேன்.

“அங்க இல்ல” என்றான். “அது என் இடம்.”

நான் விழித்தேன்.

“அந்தப் பக்கம் போ. ஸ்டியரிங் பக்கம். ஓட்டுற ஆளோட எடைக்குத்தானே இறுக்கணும்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் இறங்கியது. ஸ்டியரிங்கைத் தொடலாமா என்றுகூடத் தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் வலதுபக்கம் ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தான்.

“ரோமன், அந்த நூத்தி நாப்பத்தெட்டு…” என்றேன்.

“எந்த நூத்தி நாப்பத்தெட்டு?”

“போன்ல அந்தக் கண்ணுகிட்ட சொன்னியே. ஓட்டுறவங்க எடைன்னு.”

“அது உன்னோடது.”

“என்னோடதா! நான் நூத்தி முப்பத்தஞ்சு!”

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டெல்பர்ட் இருமினானோ, சிரித்தானோ.

“நீ தராசுல ஏறுறப்ப குளியலறைக் கதவைச் சாத்தறதில்ல” என்றான் ரோமன். “எதிர்க்கண்ணாடியில முள் நல்லாத் தெரியுது. அடுத்து பக்கத்து சீட்டுல யாருன்னு கேட்டா. நூத்தி அறுபத்தஞ்சு, எப்பவும் கூட இருப்பான்னு சொன்னேன். நீ அதுக்குள்ள பின்வாசலுக்குப் போயிட்ட.”

“அறுபத்தஞ்சா? அறுபத்திரெண்டு இல்லையா?”

“அஞ்சு. அது அப்போ. இப்ப உன் பியரோகியில பேண்ட் பொத்தான் போடமுடியல.”

நான் ஓவென்று அழுதேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, ஊர் கேட்க அழுதேன். ஹாரன் வேறு அடித்துத் தொலைத்தது. அவனை ஒரு கையால் அடித்தேன். எங்கே பட்டதோ.

“தங்கச்சி” என்று அடியிலிருந்து டெல்பர்ட் கத்தினான். “அழறதுன்னா அசையாம அழு. போல்ட்டை முறுக்கிக்கிட்டிருக்கேன்.”

அசையாமல் அழுதேன். அந்த நேரத்தில்தான் ரோமன், என்னைப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“விரல் மட்டும் இல்ல, ஜென்னி. காலும் போச்சு. பாதம் இருக்கு, ஆனா இருக்கறது தெரியல. ஏப்ரல்ல எடுத்தேன்ல, கிளட்ச் மேல கால் இருக்குன்னு நெனச்சேன். இல்ல. வண்டி எகிறிப் படிக்கல்லுல விழுந்துது. ஸ்பிரிங் தானா உடையல. உன் தோட்டத்துப் பக்கம் போயிருந்தா… நீ அங்கதான் நின்னுட்டிருந்த.”

ஸ்டியரிங்கிலிருந்து தலையைத் தூக்கி அவன் பாதத்தைப் பார்த்தேன்.

“டாக்டர், உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம்கிறார். திரும்பாமலும் போகலாம்கிறார். ஒரு மாசம் நாற்காலியில உட்கார்ந்து யோசிச்சேன். வித்துடலாம்னுதான் முதல்ல நெனச்சேன், பொய் சொல்லல. அந்தப் பல் டாக்டர் நம்பரைக்கூட அமுத்தினேன். அப்புறம் பார்த்தா, நீ ஜன்னல் வழியா அந்தக் குப்பை லாரிக்காரனைத் திட்டிக்கிட்டிருந்த, பின்னாடி எடுக்கத் தெரியலன்னு. இந்த வீட்டுல நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு இருக்கேன்னு அப்பத்தான் உறைச்சுது.”

“இத்தனை வருஷம் கழிச்சு!”

“இத்தனை வருஷம் கழிச்சுத்தான். திட்டிக்கோ.”

“அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன கேடு? ஒரிஜினல் உயரம், ஒரிஜினல் உயரம்னு சொல்லி என் உயிரை எடுத்தியே!”

“சந்து முனையில மேடு இருக்குல்ல? மூக்கு தாழ்ந்திருந்தா அங்க குறுக்கால சாய்ச்சு, ஒவ்வொரு சக்கரமா ஏத்தணும். பொறுமை வேணும். நீ பஸ்ஸை ஏத்துற மாதிரி நேரா ஏத்துவ. அடியில தட்டும். நீ என்னைத் திட்டுவ. உன் முதுகும் தாங்காது. அதான் ஒரிஜினல், அதான் மெத்துனு.” தன் முழங்காலைத் தடவிக்கொண்டான். “கால் போச்சுன்னு வாயால சொல்ல முடியல, ஜென்னி. ஸ்பிரிங் போட்டுட்டா சொல்லிடலாம்னு நெனச்சேன்.”

அவன் கை சீட்டின்மேல் கிடந்தது. எடுத்துப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியில் தெரியாது என்பதால் மணிக்கட்டைப் பிடித்தேன். அங்கே தெரியும்.

“முடிஞ்சுது” என்று டெல்பர்ட் ஊர்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். “சத்தியத்தைக் காப்பாத்திட்டேன். எங்கம்மா நிம்மதியாத் தூங்கட்டும். எங்கே, கிளப்பு பார்ப்போம்.”

சாவியைத் திருப்பினேன். கராஜே நடுங்கியது. என் பஸ் இப்படிக் கத்தியதில்லை. முதல் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி குதித்து அணைந்தது. டெல்பர்ட் தன் கால்களை அவசரமாகப் பின்னால் இழுத்துக்கொண்டான். ரோமன் வாயைத் திறந்தான். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டான். இரண்டாம் முறையும் அணைந்தது. மூன்றாம் முறை கிளம்பினோம்.

சந்து முனை வந்தது. மேடு கண்ணெதிரே. நான் நேராகத்தான் போனேன். வேறு எப்படிப் போவார்கள்? ரோமன் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கீழே கேட்கப்போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். வண்டி மெத்தென்று ஏறி மெத்தென்று இறங்கியது. ஒரு உரசல் இல்லை. ஒரு கண்ணைத் திறந்தான், பிறகு மற்றதை.

“பார்த்தியா?” என்றேன்.

“ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்” என்றான்.

“ஓட்டுற ஆள்?”

“ஆளும் பரவால்ல.”

ஆற்றோரச் சாலையில் திரும்பினேன். அவன் ஜன்னலை இறக்கிவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக அந்த வண்டியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு சின்னப் பையன் நடைபாதையிலிருந்து எங்கள் மூக்கைக் காட்டிச் சிரித்தான். ரோமன் அவனுக்குக் கையசைத்தான்.

“கொஞ்சம் ஜாஸ்தி தூக்கிக்கிட்டுத்தான் இருக்கு” என்றான், எட்டிப் பார்த்து. “புது ஸ்பிரிங்னா அப்படித்தான். ஓட ஓட உட்காரும். இந்த வெயில் காலம் முழுக்க நீ ஓட்டு. அடுத்த வருஷம் பனி உருகினதும் அளந்து பார்ப்போம். அப்பவும் இறங்கலைன்னா அரைச் சுத்து…”

“வெட்டினே, உன் கையை வெட்டிடுவேன்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அவன் சொன்னது எனக்கு உறைத்தது. அடுத்த வருஷம் என்றான். போன வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து நாளைக்கு என்பதைத் தாண்டி அவன் எதையும் சொன்னதில்லை. காய்கறி விதை வாங்கலாமா என்று கேட்டால்கூட, பார்க்கலாம் என்பான். இப்போது பனி விழுந்து, உருகி, அதற்கப்புறம் அளக்கப்போகிறானாம். அதுவும் சண்டைக்கு வேறு வருகிறான்.

எனக்குச் சாலை மங்கலாகத் தெரிந்தது. ஓரமாக நிறுத்தலாம் என்று வேகத்தைக் குறைத்தேன்.

“ஏன் நிறுத்துற? இப்பத்தானே சூடாகுது” என்றான். “மூணாவது போடு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது கியரைப் போட்டேன்.